உங்களுக்குத் தெரியுமா? தலைவலியும் மூளையின் துப்புரவுப் பணியும்

மாதத்தில் பாதி நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ஒருவராவது நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருப்பார். பயந்துபோய் ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் ‘நார்மல்’ என்றே ரிப்போர்ட் வரும். வலி மட்டும் போகாது. வழக்கமான படத்தில் தெரியாத ஒன்றைத் தேடி இப்போது ஆராய்ச்சியாளர்கள் எம்.ஆர்.ஐ. கருவியிடம் புதுக் கேள்வி கேட்கிறார்கள்: இந்த மூளை தன் கழிவை ஒழுங்காக வெளியேற்றுகிறதா? அதுபற்றிய துணுக்குகள் இதோ.

● எடை இரண்டு, செலவு இருபது

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அதுவே விழுங்கிவிடுகிறது. இத்தனை வேலை நடக்கும் இடத்தில் கழிவும் சேரத்தானே செய்யும்? உடலின் மற்ற உறுப்புகளில் கழிவை அள்ளிச் செல்ல நிணநீர்க் குழாய்கள் இருக்கின்றன. மூளைத் திசுவுக்குள் அப்படி ஒரு குழாயும் கிடையாது. பிறகு எப்படித்தான் சுத்தமாகிறது என்ற கேள்விக்கு வெகுகாலம் தெளிவான பதில் இல்லை.

● 150 மில்லி இருப்பு, தினமும் அரை லிட்டர் வரவு

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து ஒரு தெளிந்த நீர் இருக்கிறது. மூளைத் தண்டுவட நீர் என்று பெயர். எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது சுமார் 150 மில்லிலிட்டர். ஆனால் ஒரு நாளில் உற்பத்தியாவது ஏறத்தாழ 500 மில்லிலிட்டர். அதாவது பழைய நீர் வெளியேறிப் புது நீர் வருவது நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை நடக்கிறது. மூளை அடிபடாமல் மிதக்கத்தான் இந்த நீர் என்று முன்பு பாடம் நடத்தினார்கள். அது செய்யும் வேலை அத்தோடு முடியவில்லை.

● எலியின் மூளையில் தெரிந்த பாதை

2012-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மெய்க்கன் நெடர்கார்டின் குழுவினர், உயிருள்ள எலியின் மூளை நீரில் ஒளிரும் சாயத்தைக் கலந்து நுண்ணோக்கியால் பின்தொடர்ந்தார்கள். தமனிகளைச் சுற்றியுள்ள மெல்லிய இடைவெளி வழியாக நீர் மூளைக்குள் இறங்கியது. திசுக்களுக்கிடையே புகுந்து கழிவைச் சேர்த்துக்கொண்டு, சிரைகளைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக வெளியேறியது. இந்த அமைப்புக்கு ‘கிளிம்ஃபாட்டிக்’ என்று பெயரிட்டார்கள். அதற்கு முன்பே, 1985-இல், வேறு ஆய்வாளர்கள் இதே இடைவெளிகளில் நீர் ஓடுவதை விலங்குகளில் பார்த்து எழுதியிருந்தார்கள். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

● வாசல் திறக்கும் புரதம்

இரத்தக் குழாய்களைச் சுற்றி ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள் தம் பாதங்களைப் பதித்திருக்கின்றன. அந்தப் பாதங்களில் நெருக்கமாக இருப்பது அக்வாபொரின்-4 என்ற புரதம். தண்ணீர் மூலக்கூறு மட்டும் நுழையும் வாசல் அது. இந்தப் புரதம் இல்லாமல் பிறக்கவைத்த எலிகளில், கழிவு வெளியேறுவது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்ததாக 2012 ஆய்வு சொன்னது.

● ஒரே ஆண்டு, இரண்டு நோபல்

தண்ணீருக்கான இந்த வாசல்களைக் கண்டுபிடித்த பீட்டர் அக்ருக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதே 2003-இல் மருத்துவ நோபல் யாருக்குத் தெரியுமா? எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் முறையை உருவாக்கிய பால் லாட்டர்பரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். தண்ணீர் போகும் வாசலுக்கு ஒன்று. தண்ணீரின் ஹைட்ரஜனை வைத்துப் படம் எடுக்கும் கருவிக்கு ஒன்று. இன்று தலைவலி ஆய்வில் இரண்டும் ஒன்றாக வேலை செய்கின்றன.

● 228 ஆண்டுகள் காத்திருந்த குழாய்

மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகளில் நிணநீர்க் குழாய் உண்டு என்று இத்தாலிய உடற்கூறு அறிஞர் பாவ்லோ மஸ்கானி 1787-இலேயே எழுதினார். பின்னால் வந்தவர்கள் நம்பவில்லை. 2015-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகமும் பின்லாந்தின் ஹெல்சின்கி குழுவும் தனித்தனியாக எலிகளில் அவற்றைக் காட்டின. 2017-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உயிரோடு இருக்கும் மனிதரிடமே எம்.ஆர்.ஐ. மூலம் அவற்றைப் படம் பிடித்தார்கள். மூளை நீர் சுமந்து வரும் கழிவில் ஒரு பகுதி இந்தக் குழாய்கள் வழியாகக் கழுத்தின் ஆழத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்ச் சேர்கிறது.

● தூங்கினால் இடம் பெருகும்

2013-இல் அதே ரோசெஸ்டர் குழு இன்னொரு செய்தி சொன்னது. எலி தூங்கும்போது மூளைச் செல்களுக்கு இடையிலுள்ள இடம் சுமார் 60 சதவீதம் கூடுகிறது. அமிலாய்டு பீட்டா என்ற புரதக் கழிவு, விழித்திருக்கும்போது போவதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேறுகிறது. தூக்கம் கெட்டால் தலை வலிக்கும் என்று அனுபவத்தில் அறிந்தவர்கள் இந்தச் செய்தியை ஆவலோடு படித்தார்கள்.

● இல்லை என்றது லண்டன்

2024-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு எலிகளிலேயே சோதித்து நேர்மாறான முடிவை வெளியிட்டது. தூங்கும் எலியின் மூளையிலிருந்து சாயம் வெளியேறுவது சுமார் 30 சதவீதம் குறைந்தது என்றார்கள். மயக்க மருந்து கொடுத்தால் 50 சதவீதம் குறைந்ததாம். அளந்த முறையே சரியில்லை என்று எதிர்த் தரப்பு மறுத்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. ‘தூங்கினால் மூளை கழுவப்படும்’ என்று வாட்ஸ்அப்பில் உறுதியாகச் சொல்பவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

● ஓஸ்லோவில் ஒரு தூங்காத இரவு

மனிதரிடம் இதை நேரடியாகப் பார்க்க ஒரு வழி உண்டு. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஊசி போட்டு, கடோலினியம் கலந்த மருந்தைத் தண்டுவட நீரில் செலுத்த வேண்டும். பிறகு ஒரு நாள், இரண்டு நாள் எனத் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்து, மருந்து மூளைக்குள் பரவி வெளியேறுவதைக் கவனிக்க வேண்டும். நார்வேயில் ஓஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையின் பெர் கிறிஸ்தியான் ஐடே, கெய்ர் ரிங்ஸ்டாட் குழு இதில் முன்னோடி. 2021-இல் அவர்கள் சிலரை ஓர் இரவு முழுக்க விழித்திருக்க வைத்தார்கள். தூங்கியவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுடைய மூளையில் மருந்து அதிகம் தங்கியது. அடுத்த இரவு தூங்கவிட்டும் அந்தப் பாக்கி தீரவில்லை.

ஆனால் தலைவலிக்காக வரும் எல்லோருக்கும் முதுகில் ஊசி போட முடியுமா? கடோலினியத்தை இந்த வழியில் செலுத்துவது வழக்கமான அனுமதிக்குள் வருவதில்லை. அளவு மிஞ்சினால் ஆபத்து. அதனால்தான் ஊசியில்லாத வழியைத் தேடினார்கள். அது எங்கே கிடைத்தது என்பதைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்.

● இருபது விநாடிக்கு ஓர் அலை

2019-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆட்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள்ளேயே தூங்கவைத்துப் பார்த்தார்கள். அந்தக் கருவி போடும் சத்தத்தில் தூங்குவதே ஒரு சாதனை! ஆழ்ந்த தூக்கத்தில் முதலில் நரம்புச் செல்களின் மெதுவான மின் அலை எழுந்தது. அடுத்து மூளையில் இரத்த அளவு குறைந்தது. அந்த இடத்தை நிரப்ப மூளை நீர் உள்ளே பாய்ந்தது. ஏறத்தாழ 20 விநாடிக்கு ஒருமுறை இப்படி ஒரு பெரிய அலை. விழித்திருக்கும்போது தெரிந்தவை சிற்றலைகள்தான்.

● மூளைக்கு வலிக்காது

மூளைத் திசுவில் வலியை உணரும் நரம்பு முனைகள் இல்லை. நோயாளி விழித்திருக்கும்போதே மூளையில் அறுவை செய்ய முடிவது இதனால்தான். தலைவலியில் வலிப்பது மூளையின் உறைகளும், பெரிய இரத்தக் குழாய்களும், தலையிலும் கழுத்திலும் உள்ள தசைகளும்தான். உறைகளிலிருந்து வலிச் செய்தியைச் சுமப்பது பெரும்பாலும் முகத்துக்கும் உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பு. ஒற்றைத் தலைவலி கண்ணைச் சுற்றியும் நெற்றிப் பொட்டிலும் குத்துவது இதன் வேலை.

● எத்தனை நாள் வலித்தால் ‘நாள்பட்டது’?

இதற்குச் சர்வதேசக் கணக்கு இருக்கிறது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து தலை வலித்து, அதில் குறைந்தது 8 நாள் ஒற்றைத் தலைவலியின் குணங்கள் இருந்தால் அது நாள்பட்ட ஒற்றைத் தலைவலி. ஒற்றை என்று பெயர் இருந்தாலும் வலி இரு பக்கமும் வரலாம். வெளிச்சம் பிடிக்காதது, சத்தம் தாங்காதது, குமட்டல், நடந்தால் வலி கூடுவது ஆகியவை அதன் அடையாளங்கள்.

● கர்நாடகத்தில் நால்வருக்கு ஒருவர்

பெங்களூரு நகரத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீடுவீடாகச் சென்று நடத்திய ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. ஓராண்டுக்குள் தலைவலி வந்தவர்கள் 63.9 சதவீதம். ஒற்றைத் தலைவலி மட்டும் 25.2 சதவீதம். அதாவது நால்வருக்கு ஒருவர். ‘வெறும் தலைவலிதானே’ என்று ஒதுக்கிவிடக்கூடிய எண்ணிக்கையா இது?

● தன் கண்ணை வைத்தே அளந்தவர்

சிலருக்கு ஒற்றைத் தலைவலிக்கு முன் கண்ணில் மின்னும் வளைவுக்கோடு தோன்றி, மெல்லப் பெரிதாகும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லிக்கும் அது வரும். அவர் அது பரவும் விதத்தைத் தாளில் குறித்துக்கொண்டே வந்து கணக்குப் போட்டார். மூளையின் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஏதோ நகர்கிறது என்று 1941-இல் எழுதினார். 1944-இல் பிரேசில் நாட்டவரான அரிஸ்டிடெஸ் லியாவ், முயலின் மூளையில் அதே போன்ற வேகத்தில் நகரும் மின் அலையைக் கண்டார். அலை கடந்துபோன இடம் சிறிது நேரம் செயலற்றுக் கிடந்தது. 2001-இல் எம்.ஆர்.ஐ. மூலம் மனிதரிடமும் அதன் தடம் பதிவானது.

● அலை வந்தால் பாதை மூடும்

இங்கேதான் தலைவலியும் துப்புரவும் முதல்முறையாகக் கைகோத்தன. 2017-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ராமி பர்ஸ்டீன் குழு, எலிகளில் அந்த மின் அலையைத் தூண்டிவிட்டு இரத்தக் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பார்த்தது. சில நிமிடங்களில் இடைவெளி மூடிக்கொண்டது. நீரோட்டம் தடைப்பட்டது. பாதை பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரம் போல ஆனது. அந்த நேரத்தில் கழிவும் வலியைத் தூண்டும் பொருள்களும் உள்ளேயே தேங்கக்கூடும் என்பது அவர்களின் ஊகம்.

● நீர் சுமந்து வரும் வலி

2024 ஜூலையில் ‘சயின்ஸ்’ இதழில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இன்னொரு பக்கத்தைத் திறந்தது. மின் அலைக்குப் பிறகு எலியின் மூளை நீரில் வலியைத் தூண்டும் புரதங்கள் கூடின. அந்த நீர் முக்கிளை நரம்பின் வேர்முடிச்சுக்குள் நேராகப் போய்ச் சேர்ந்தது. அங்கே பாதுகாப்புத் தடுப்பு இல்லை. நரம்புச் செல்கள் உசுப்பப்பட்டன. மூளையில் எழும் அலை, மூளைக்கு வெளியே உள்ள நரம்பை எப்படி எட்டுகிறது என்ற பழைய புதிருக்கு இது ஒரு விடை. அந்தப் புரதங்களில் ஒன்று, தலைவலி மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த சி.ஜி.ஆர்.பி.

● மருந்துக் கடைக்கு வந்த புரதம்

சி.ஜி.ஆர்.பி. போய் ஒட்டும் ஏற்பியைக் குறிவைத்து, வலியை வருமுன் தடுக்கும் முதல் ஊசி மருந்தான எரெனுமாப் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தப் புரதத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் உள்ள தொடர்பை வெளிக்கொண்டு வந்த நால்வருக்கு 2021-இல் டென்மார்க்கின் ‘பிரெய்ன் பிரைஸ்’ விருது வழங்கப்பட்டது. இதில் துப்புரவுக்கு என்ன வேலை? 2024-இல் வடக்கு கரோலினா பல்கலைக்கழகக் குழு எலிகளில் பார்த்தபோது, சி.ஜி.ஆர்.பி. மூளை உறையிலுள்ள நிணநீர்க் குழாய்களையும் பாதித்து, நீர் வெளியேறுவதைக் குறைப்பது தெரிந்தது.

● படத்தில் தெரியும் புள்ளிகள்

இரத்தக் குழாய்களைச் சுற்றிய இடைவெளிகளை 19-ஆம் நூற்றாண்டிலேயே ருடால்ஃப் விர்ஷோவும் சார்ல் ரோபானும் விவரித்திருந்தார்கள். விரிந்துவிட்டால் அவை எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் தெரியும். 2022-இல் வட அமெரிக்கக் கதிரியக்கச் சங்க மாநாட்டில் ஓர் ஆய்வு முன்வைக்கப்பட்டது. 7 டெஸ்லா காந்தத் திறன்கொண்ட கருவியில் 25 பேரைப் படம் பிடித்தபோது, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடம் மூளையின் மையப் பகுதியில் இந்த இடைவெளிகள் விரிந்திருந்தன. நம் ஊர் ஸ்கேன் மையங்களில் இருப்பவை பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா கருவிகள்தான். வயதானாலும் இரத்தக் கொதிப்பு இருந்தாலும் இந்தப் புள்ளிகள் கூடும். ஆகவே ரிப்போர்ட்டில் இந்த வரியைப் பார்த்துப் பதற வேண்டாம்.

● நகோயாவின் அளவுகோல்

ஊசியில்லாத வழியைத் தந்தவர் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொஷியாக்கி தாவோக்கா. 2017-இல் ஆல்ஸைமர் நோயாளிகளை ஆராய்ந்தபோது அவர் முன்வைத்த கணக்கு இது. மருந்து ஏதும் செலுத்தாமல், தண்ணீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எவ்வளவு அசைகின்றன என்று பார்க்கும் எம்.ஆர்.ஐ. போதும். அதிலிருந்து கிடைக்கும் எண்ணுக்கு ‘ஆல்ப்ஸ் குறியீடு’ என்று பெயர்.

யுக்தி எளியது. மூளையின் பக்க அறைகளை ஒட்டிய ஓரிடத்தில் நரம்பிழைகளில் ஒரு கூட்டம் மேலிருந்து கீழாக ஓடும். இன்னொரு கூட்டம் முன்னிருந்து பின்னாக ஓடும். அங்கே உள்ள சிறு சிரைகள் மட்டும் இடமிருந்து வலமாக ஓடும். ஆகவே இட வலத் திசையில் தண்ணீரின் அசைவு அதிகமாகத் தெரிந்தால், அது சிரையைச் சுற்றிய இடைவெளியில் நடக்கும் அசைவு என்று எடுத்துக்கொள்ளலாம். அதை மற்றத் திசையின் அசைவால் வகுக்கிறார்கள். விடை 1-ஐ நெருங்கினால் அந்த இடைவெளியில் அசைவு குறைவு. 1-க்கு மேலே போகப்போக அசைவு அதிகம்.

● ஒரே அளவுகோல், மூன்று விடை

இந்தக் கணக்கைத் தலைவலிக்காரர்களிடம் போட்டபோது என்ன கிடைத்தது? 2022-இல் தென் கொரியக் குழு ஒன்று, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை என்றது. 2023-இல் சீனக் குழு ஒன்று, நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்காரர்களின் வலப்பக்க மூளையில் எண் கூடியிருக்கிறது என்றது. 2024-இல் தைவான் குழு ஒன்று, நாள்பட்டவர்களிடம் எண் குறைந்திருக்கிறது என்றது. மூளை உறையின் நிணநீர்க் குழாய்களும் மந்தமாக வேலை செய்வதாகச் சேர்த்துச் சொன்னது. சமம், கூடுதல், குறைவு: மூன்றும் வந்துவிட்டன. மூன்றுமே தேர்ந்த இதழ்களில் வெளியானவை.

இதில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று கொள்ளத் தேவையில்லை. எவ்வளவு காலமாக வலி, என்ன மாத்திரை, முந்தின இரவு எப்படித் தூங்கினார், வலி இருக்கும்போது படம் எடுத்தார்களா, இல்லாதபோதா? இவை ஒவ்வொன்றும் எண்ணை நகர்த்தக்கூடியவை.

● கொத்துத் தலைவலியில் குறைவு

ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் கொத்திப் பிடுங்கும் வலி, கூடவே அந்தக் கண்ணில் நீர், மூக்கடைப்பு. குறிப்பிட்ட வாரங்களில் நாள்தோறும் வரும். பல சமயம் தூக்கத்தின் நடுவே எழுப்பிவிடும். இதுதான் கொத்துத் தலைவலி. 2022-இல் தென் கொரியாவில் இவர்களைச் சோதித்தபோது ஆல்ப்ஸ் எண் குறைந்திருந்தது. ஆய்வு சிறியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

● தெருமுனையைப் பார்த்து ஊரைச் சொல்லலாமா?

ஆல்ப்ஸ் கணக்கில் பார்ப்பது மூளையின் ஒரு சிறு பகுதியை மட்டும். ஒரு தெருமுனையில் சாக்கடை ஓடுவதைப் பார்த்துவிட்டு ஊர் முழுவதும் வடிகால் சரி என்று சான்றிதழ் கொடுப்பதைப் போன்றது அது. அதோடு, அந்த எண் அளப்பது தண்ணீரின் அசைவை. கழிவு வெளியேறியதா என்பதை அது பார்ப்பதில்லை. நரம்பிழைகள் பழுதுபட்டாலும் எண் மாறும். ஓஸ்லோவின் ரிங்ஸ்டாட் 2024-இல் இந்தக் குறியீட்டைக் கடுமையாக விமர்சித்தே ஒரு கட்டுரை எழுதினார்.

● தலை சாய்ந்தால் எண் சாயும்

கருவிக்குள் படுத்திருப்பவரின் தலை கொஞ்சம் திரும்பியிருந்தாலோ, படத்தின் தளம் சாய்ந்திருந்தாலோ ஆல்ப்ஸ் எண் மாறிவிடும். இதைச் சோதித்துச் சொன்னதும் தாவோக்காவின் குழுவேதான். தன் அளவுகோலின் குறையைத் தானே எடுத்து வைப்பது நல்ல ஆராய்ச்சியாளருக்கு அடையாளம். ஒரு மையத்தில் எடுத்த எண்ணை இன்னொரு மையத்தின் எண்ணோடு அப்படியே ஒப்பிடக்கூடாது என்பது நமக்கான பாடம்.

● முந்தியது எது?

துப்புரவு மந்தமானதால் தலை வலிக்கிறதா? வலித்து வலித்துத் தூக்கம் கெட்டுத் துப்புரவு மந்தமாகிறதா? இதுவரை நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே ஒருமுறை படம் எடுத்தவை. ஒரு படம் எது முந்தியது என்று சொல்லாது. அதே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, வலி குறையும்போது எண்ணும் மாறுகிறதா என்று பார்த்தால்தான் விடை தெரியும்.

● நீர் குறைந்தாலும் வலி, கூடினாலும் வலி

1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகுஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர், முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் முறையைத் தன் மீதே சோதிக்கச் சொன்னார். ஊசிக் குழல் சரியாகப் பொருந்தாமல் தண்டுவட நீர் ஒழுகியது. பிறகு பல நாள் அவரால் எழுந்து நிற்க முடியாத தலைவலி, படுத்தால் சரியாகிவிடும். பிரசவ அறுவைக்கு முதுகில் ஊசி போட்டுக்கொண்ட தாய்மார் சிலருக்கு இந்த வலி தெரிந்திருக்கும்.

நேரெதிர் நோயும் உண்டு. உடல் பருத்த இளம்பெண்களிடம் அதிகம் காணப்படுவது. கட்டி ஏதும் இல்லாமலேயே மண்டைக்குள் நீரின் அழுத்தம் ஏறும். தலை வலிக்கும், கண்முன் மங்கலாகும். கவனிக்காவிட்டால் பார்வை பறிபோகும். மாதக்கணக்கில் தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்திருந்தால் முதலில் கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டுங்கள்.

● மாத்திரையே வலியாகும்போது

தலைவலிக்காரர் அடிக்கடி வலிமாத்திரை போட்டால் அதனாலேயே தலைவலி நிலைத்துவிடும். பாரசிட்டமால் போன்ற தனி மருந்து என்றால் மாதத்தில் 15 நாள். இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரை, ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான், அபின் வகையான ஓபியாய்டு என்றால் 10 நாள். மூன்று மாதத்துக்கு மேல் இந்த அளவைத் தாண்டுவதே ஆபத்துக் கோடு. தெருமுனை மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைப்பதில் பல, கலப்பு மாத்திரைகள். அட்டையைத் திருப்பி எத்தனை மருந்தின் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

● தூக்க மாத்திரைத் தூக்கம்

2025 ஜனவரியில் ‘செல்’ இதழில் வந்த எலி ஆய்வின்படி, தூக்கத்தில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் மெதுவாக ஏறி இறங்குகிறது. அதற்கேற்ப இரத்தக் குழாய்கள் சுருங்கி விரிந்து நீரை உந்துகின்றன. சோல்பிடெம் என்ற தூக்க மருந்து கொடுத்தபோது இந்த ஏற்ற இறக்கம் அடங்கி, நீர் உள்ளே போவதும் குறைந்தது. மனிதருக்கும் அப்படியே என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. மருத்துவர் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது. தலைவலிக்கு நாமாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடும் பழக்கத்துக்கு மட்டும் இது ஓர் எச்சரிக்கை.

● எலி எப்படிப் படுத்தது?

2015-இல் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் மயக்க மருந்து கொடுத்த எலிகளை மல்லாத்தி, குப்புற, ஒருக்களித்து எனப் படுக்கவைத்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஒருக்களித்துப் படுத்த எலிகளில் நீரோட்டம் நன்றாக இருந்தது. இதை வைத்து ‘இந்தப் பக்கம் படுத்தால் தலைவலி போகும்’ என்று யாராவது காணொளி போட்டால் கடந்து போய்விடுங்கள்.

● ஸ்கேன் எப்போது தேவை?

ஒற்றைத் தலைவலியின் குணங்கள் தெளிவாக இருந்து, பல காலமாக ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தால், வழக்கமாக ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை என்று அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2013-இலேயே அறிவுறுத்தியது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய தலைவலிகள் வேறு:

இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் வலி.

காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் சேர்ந்த வலி.

கைகால் பலவீனம், பேச்சுக் குழறல், வலிப்பு, மயக்கத்தோடு வரும் வலி.

தலையில் அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போகும் வலி.

50 வயதுக்குப் பிறகு முதல்முறையாக வரும் வலி.

கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ புதிதாக வரும் கடும் வலி.

இவற்றில் ஸ்கேன் உயிரைக் காக்கும். மூளைத் துப்புரவை அளக்கும் ஸ்கேன் இந்தப் பட்டியலில் சேரும் நிலைக்கு இன்னும் வரவில்லை. எந்த எண்ணுக்குக் கீழே போனால் நோய் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட கோடு இல்லை. எண்ணைப் பார்த்து மாற்றிக் கொடுக்க மருந்தும் இல்லை. ‘கிளிம்ஃபாட்டிக் ஸ்கேன்’, ‘மூளைக் கழிவு நீக்கப் பேக்கேஜ்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

● இன்று இரவே தொடங்கலாம்

நரம்பியல் மருத்துவருக்கு இப்போது மிகவும் பயன்படும் ஆவணம் ஒரு நாட்குறிப்பு. எந்த நாள் வலித்தது, எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை, எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், பெண்களுக்கு மாதவிடாய் நாள் எது. இந்த ஐந்தையும் மூன்று மாதம் ஒரு பழைய காலண்டரில் குறித்து எடுத்துப் போங்கள். மாதத்தில் 15 நாளைத் தாண்டுகிறதா, மாத்திரை 10 நாளைத் தாண்டுகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு வலியை வருமுன் தடுக்கும் மருந்துகள் உண்டு. அவற்றைத் தொடங்குவதற்கு எந்தப் புது ஸ்கேனும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.